ஈ.எம்.டி வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

ஈ.எம்.டி, அதாவது ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தரும் டெக்னீஷியன், படிப்பு முடித்து முதல் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். தனியார் மருத்துவமனை ஆம்புலன்ஸில் சேரப் போகிறீர்களா? சம்பளம் பேசுவதற்கு முன்னால் வண்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நான் சேர்ந்தது பைபாஸ் ஓரத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். இன்டர்வியூவில் "ஐ.சி.யூ வண்டி, எட்டு மணி நேர டியூட்டி, பி.எஃப், இ.எஸ்.ஐ எல்லாம் உண்டு" என்றார்கள். வெரிஃபிகேஷன் என்று பிளஸ் டூ மார்க் ஷீட் முதல் டிப்ளமோ வரை ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது கிடையாது. டியூட்டி பன்னிரண்டு மணி நேரமானது. கேஸ் இல்லாத நேரத்தில் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டியைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஓர் இரவு, நிமோனியாவில் மூச்சுத் திணறிய ஒரு பெரியவரை மதுரைக்கு ஷிஃப்ட் பண்ணச் சொன்னார்கள். கூட வர டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வண்டியில் இருக்கும் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் முழுதாக நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரம் வரும். அன்று முள் பாதிக்கும் கீழே நின்றது, பயணமோ இரண்டு மணி நேரம். ஸ்பேர் சிலிண்டர் காலி. சளி கட்டியபோது அதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் மிஷின் ஓடவில்லை. தலையைப் பக்கவாட்டில் திருப்பி, காஸ் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். "அண்ணே, வழியில எந்த ஜி.எச் வந்தாலும் உள்ள விடுங்க" என்று டிரைவரிடம் சொன்னேன். ஒரு தாலுகா மருத்துவமனையில் நைட் டியூட்டி சிஸ்டர் சிலிண்டர் தந்ததால்தான் அவர் உயிரோடு மதுரை போய்ச் சேர்ந்தார். அவர் மகனிடம் ஐ.சி.யூ ஆம்புலன்ஸ் என்றே பில் வாங்கியிருந்தார்கள்!

தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108-இலும் 12 மணி நேர ஷிஃப்ட்தான். ஆனால் அங்கே முறையாகப் பயிற்சி தந்த பிறகுதான் வண்டியில் ஏற்றுகிறார்கள். நோயாளி மோசமானால் கன்ட்ரோல் ரூம் டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்யலாம். முதல் வருஷத்தில் அந்தக் குரல் ரொம்ப முக்கியம். எங்களுக்கு ராத்திரியில் கேஷுவாலிட்டி போனை எடுக்கவே ஆள் இருக்காது.

வேலையை விடுகிறேன் என்றதும், பயிற்சிச் செலவு முப்பதாயிரம் கட்டினால்தான் சர்டிபிகேட் என்றார்கள். என்ன பயிற்சி கொடுத்தார்கள்? போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கிய பிறகு எச்.ஆரே கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சம்பளத்தில் மாசாமாசம் பிடித்த பி.எஃப் மட்டும் யு.ஏ.என் (பி.எஃப் கணக்கு எண்) பாஸ்புக்கில் ஏறவே இல்லை. ஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் இணைத்து பி.எஃப் ஆன்லைன் குறைதீர் தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். நீங்கள் இரண்டாம் மாதமே பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். இ.எஸ்.ஐ நம்பரையும் கேட்டு வாங்குங்கள்; மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் அது உண்டு. ராத்திரி ஓட்டத்தில் வண்டி எங்காவது மோதி நமக்கு அடிபட்டால் கைகொடுப்பது அதுதான்.

வண்டியைப் பார்க்கும்போது சிலிண்டர் முள்ளைப் பாருங்கள், சக்‌ஷனை ஆன் பண்ணச் சொல்லுங்கள், குழந்தைக்கான அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் ஈ.எம்.டி யாரையாவது வெளியே டீக்கடையில் பிடித்து, சர்டிபிகேட் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் விசாரியுங்கள்.