வைப்புப் பணத்தின் மேல் எடுத்த கடனட்டை: 20 மாத அனுபவம்

கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் ஒன்று நடத்துகிறேன். கல்யாண அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் இவைதான் என் தொழில். 2022 மார்ச்சில், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அந்த நாட்களில் கைக்குக் கிடைத்த கடதாசியையெல்லாம் கடனட்டையில் வாங்கிப் போட்டேன். அப்போது அட்டைக்கு வட்டி 18 வீதம். ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடனட்டை வட்டிக்கு இருந்த உச்சவரம்பும் போயிற்று. சில மாதங்களில் என் அட்டையின் வட்டி 30 வீதத்தைத் தொட்டது.

அப்போது என் நிலுவை 180,000 ரூபா. 30 வீதம் என்றால் மாத வட்டி மட்டும் 4,500. ஆகக் குறைந்த தொகையாக 5 வீதம், அதாவது 9,000 கட்டச் சொன்னார்கள். அதைக் கட்டினால் பாதி வட்டிக்கே போய்விடும். இரண்டு மாதம் கட்டினேன், அடுத்த நான்கு மாதம் முடியவில்லை. 2023 ஜூனில் மனைவியின் காப்புகளைச் செட்டியார் தெருவில் விற்று முழுவதையும் கட்டி முடித்தோம். அத்தோடு எல்லாம் தீர்ந்தது என்றுதான் நம்பினேன்.

2024 ஜனவரியில் கடதாசி வெட்டும் இயந்திரம் ஒன்றுக்கு லீசிங் கேட்டபோது, ‘கிரிப்பில் பிரச்சினை இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பினார்கள்.

இந்த ‘கிரிப்பில் பெயர் விழுவது’ என்ற பேச்சு பலரைக் குழப்புகிறது, என்னையும் குழப்பியது. கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். அங்கே கறுப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. ஒழுங்காகக் கட்டுபவரின் விவரமும் அங்கே இருக்கிறது, தவறியவரின் விவரமும் இருக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கியும் லீசிங் நிறுவனமும்தான். ‘கிரிப்பைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று முகநூலில் விளம்பரம் போடுபவர்களிடம் தயவுசெய்து ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தவறான பதிவு இருந்தால், அதை அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வெளியாள் அழித்துத் தரக்கூடிய பதிவு அங்கே இல்லை.

கோட்டையில் சேர் பாரோன் ஜயதிலக மாவத்தையில் இருக்கும் பணியகத்துக்குத் தேசிய அடையாள அட்டையோடு போய் என் அறிக்கையை எடுத்தேன். கடன் கட்டிய ஒழுங்கை வைத்து அவர்கள் தரும் புள்ளி 438. அளவுகோல் 250இல் தொடங்கி 900 வரை போகிறது, கூடக் கூட நல்லது. தவறிய நான்கு மாதங்களும் வரிசையாக இருந்தன, அதை எதிர்பார்த்தேதான் போயிருந்தேன். அதற்குக் கீழே இன்னொரு அட்டை இருந்தது. முன்பு ஒரு வங்கிக் கிளையில் கணக்குத் திறந்தபோது கூடவே தந்த அட்டை அது. உறையிலிருந்து எடுத்ததுகூட இல்லை. அதன் வருடாந்தக் கட்டணமும், அதற்கான தாமதக் கட்டணமும், இரண்டின் மேல் ஏறிய வட்டியும் சேர்ந்து 11,000 ரூபாவுக்கு மேல் நிலுவை. பழைய முகவரிக்குப் போன கூற்றுகள் என் கைக்கு வந்ததே இல்லை. அந்தக் கிளைக்கு மூன்று முறை அலைந்து, கட்டணங்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வைத்து, மீதியைக் கட்டி, அட்டை மூடப்பட்டதற்கான கடிதத்தைக் கையில் வாங்கினேன். உங்கள் அலுமாரியில் இப்படி ஓர் அட்டை தூங்கினால் புதிய அட்டையைப் பற்றி யோசிக்கும் முன் அதை எழுத்துமூலம் மூடுங்கள்.

பிறகுதான் புதிய அட்டை. பழைய தவறுகளுக்கு மேலே, ஒழுங்காகக் கட்டுகிறேன் என்ற பதிவும் அறிக்கையில் ஏற வேண்டும் அல்லவா. முதலில் ஒரு வங்கியில் சாதாரண அட்டைக்கு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். நம் விவரத்தை எந்த நிறுவனம் எப்போது பார்த்தது என்பதும் அறிக்கையில் பதிவாகிறது. ஆகவே கண்ட இடத்திலெல்லாம் விண்ணப்பம் போடுவதை அத்தோடு நிறுத்தினேன். வெள்ளவத்தையில் வேறொரு வங்கிக் கிளையில் 100,000 ரூபாவை நிலையான வைப்பில் போட்டு, அதைப் பிணையாக வைத்து 80,000 ரூபா எல்லையுள்ள அட்டை கேட்டேன். அங்கிருந்த அதிகாரி அம்மா, வைப்பைக் கூட்டினால் தங்க நிற அட்டையே எடுக்கலாம், உணவகங்களில் கழிவு கிடைக்கும் என்றார். நான் கேட்டவை வேறு. வைப்புக்கு வட்டி தொடர்ந்து வருமா? இந்த அட்டையின் விவரம் மற்ற அட்டைகளைப் போலவே மாதந்தோறும் கிரிப்புக்குப் போகுமா? வருடாந்தக் கட்டணம் எவ்வளவு? இறுதித் திகதியை மாற்றித் தருவார்களா? நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ வராத இடத்தில் வைப்பை முடக்குவதில் பயனே இல்லை.

இறுதித் திகதி முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் வாடிக்கையாளர்கள் மாத முடிவில்தான் பணம் தருவார்கள். 25ஆம் திகதி இறுதி நாளாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் நெஞ்சு படபடக்கும். அதை 7ஆம் திகதிக்கு மாற்றி வாங்கினேன். சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே கழிக்கும் ஏற்பாட்டுக்கும் கையொப்பமிட்டேன். இங்கே ஒரு தவறு நடந்தது. படிவத்தில் ‘முழுத் தொகை’, ‘ஆகக் குறைந்த தொகை’ என்று இரண்டு கட்டங்கள். யாரோ முன்கூட்டியே இரண்டாவதில் அடையாளம் இட்டிருந்தார்கள். நான் கவனிக்காமல் கையொப்பம் வைத்துவிட்டேன். இரண்டாவது கூற்றில் 412 ரூபா வட்டி வந்த பிறகுதான் தெரிந்தது. பழைய காயம் திரும்பக் கீறியதுபோல் இருந்தது. மறுநாளே போய் மாற்றினேன்.

20 மாதங்களாக இந்த அட்டையில் போவது மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம், அவ்வப்போது அச்சு மை. மாதம் 15,000 ரூபாவைத் தாண்ட விடுவதில்லை. அறிக்கையில் எல்லையும் நிலுவையும் அருகருகே தெரிவதால், எல்லை வரை இழுத்த அட்டை பார்ப்பவர் கண்ணில் நெருக்கடியாகவே படும். பணமாக எடுத்ததே இல்லை. அதற்குக் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும். வட்டியில்லாத் தவணையில் தொலைக்காட்சி வாங்கலாம் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. தவணை முடியும் வரை அந்தத் தொகை எல்லையை அடைத்துக்கொண்டு நிற்கும் என்பதால் வேண்டாம் என்றேன்.

குறைகளும் உண்டு. அந்த ஒரு இலட்சம் முடங்கிக் கிடக்கிறது. மகளின் டியூஷன் கட்டணத்துக்குத் திண்டாடிய மாதத்தில்கூட அதைத் தொட முடியவில்லை. முதல் வருடம் இல்லை என்ற வருடாந்தக் கட்டணம் 13ஆம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. தொலைபேசியில் கேட்ட பிறகு பாதியைத் திருப்பித் தந்தார்கள். கையில் வைப்புக்குப் பணம் இல்லாதவர்களுக்கு இந்த வழியே இல்லை. அதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது, ஏனெனில் 2022இல் விழுந்தவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான்.

புள்ளி வேகமாக ஏறவில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த அறிக்கையில் 471. மனம் சோர்ந்துபோனது. கடந்த மாதம் எடுத்ததில் 596. பெரிய எண் இல்லை என்று தெரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு வேறொரு லீசிங் நிறுவனத்தில் கேட்டபோது, ஒருவர் பிணை நின்றால் இயந்திரம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

மனைவியின் தம்பி பிணை நிற்க வந்தார். நான் தவணை தவறினால் அவருடைய அறிக்கையிலும் அது ஏறும். அதனால் கையொப்பமிடும் முன் என் அறிக்கையை அவர் முன் வைத்து, முழுவதையும் படியுங்கள் மச்சான் என்றேன். அச்சகத்து மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு, தவணைத் திகதி எது என்று கேட்டுத் தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.