‘மசாதா காணுதல்’ என்று போட்டிருந்தால் பணம் கட்டாதீர்கள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எருசலேம் பயண நோட்டீஸ் கொடுப்பார்கள். அதில் ஒன்றை நம்பி நானும் என் மாமியாரும் கடந்த மார்ச்சில் போய் வந்தோம். ஆளுக்கு 1,18,000 ரூபாய். எருசலேமிலும் பெத்லகேமிலும் குறை இல்லை. ஏமாற்றியது ஆறாம் நாள். கும்ரான் குகைகள், எங்கேதி, மசாதா கோட்டை, சவக்கடல் என நான்கும் ஒரே நாளில் என்றார்கள். அந்த நாளுக்காகவே மற்ற பயண நிறுவனங்களைவிட 9,000 ரூபாய் அதிகம் கொடுத்தோம்.

அத்தை காசிமேட்டில் பிறந்தவர், அவர் அப்பா கட்டுமரத்தில் போனவர். "மீனே இல்லாத கடலாமே, அதுல காலை நனைக்கணும்மா" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏலச் சீட்டு எடுத்துத்தான் பணம் கட்டினார்.

காலை 6 மணிக்குப் பஸ் என்றார்கள். இன்னொரு குழுவையும் அதே பஸ்ஸில் ஏற்றியதால் கிளம்பும்போது 8.45. கும்ரானில் வண்டி நின்றது. கழிப்பறை, கடை, அவ்வளவுதான். 1947 வாக்கில் ஆடு மேய்த்த பையன்கள் ஜாடிகளில் தோல் சுருள்களைக் கண்டெடுத்த இடம் அது. ஏசாயா புத்தகம் முழுதாகக் கிடைத்தது அங்கேதான். உள்ளே போனால் நான்காம் குகை எதிரே தெரியும். நாங்கள் நின்றது பார்க்கிங்கில். "டிக்கெட் பேக்கேஜில் இல்லை" என்றார் கைடு. நோட்டீஸில் ‘கும்ரான் காணுதல்’ என்று இருந்ததே என்றேன். "காட்டிட்டோமே சிஸ்டர்" என்றார் எங்களோடு வந்த குழுத் தலைவர்.

அப்புறம் சவக்கடல் சேறு, சோப்பு, கிரீம் விற்கும் கடை. நோட்டீஸில் அது இல்லவே இல்லை. அங்கே மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம்! வாங்காதவர்களும் வெளியே போக முடியாது, பஸ்ஸைப் பூட்டிவிட்டு டிரைவர் போய்விட்டார். எங்கேதியைத் தாண்டும்போது மைக்கில் ஒரு வரி சொன்னார்கள். சவுலுக்குத் தப்பி தாவீது ஒளிந்த இடம் என்று அத்தை பைபிளைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். வண்டி நிற்கவில்லை.

மசாதாவுக்கு வந்தபோது மணி 2. ஏரோது பாலைவனப் பாறை உச்சியில் கட்டிய கோட்டை, சவக்கடலிலிருந்து 400 மீட்டருக்கு மேல் உயரம். மேலே அரண்மனையும், மழைநீர் சேமித்த பெரிய தொட்டிகளும் இருக்கின்றன. ரோமப் படை முற்றுகையிட்ட முகாம்களின் கோடுகள் மேலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். 960 யூதர்கள் அங்கே உயிர்விட்டதாக அந்தக் கால வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். பாம்புப் பாதையில் நடந்து ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், நிழலே கிடையாது. வயதானவர்களுக்கு ரோப் கார்தான் வழி. அதற்கு ஆளுக்கு 35 டாலர் ரொக்கமாகக் கேட்டார்கள். கவுண்டரில் எழுதியிருந்தது அதைவிடக் குறைவு. நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றால், குழுவாகத்தான் போக முடியும் என்று மறுத்தார்கள். 34 பேரில் ஆறு பேர் மேலே போனார்கள். மீதிப் பேர் கீழே உட்கார்ந்து பாறையை அண்ணாந்து பார்த்தோம். "டிப்ஸ்" என்று சென்னையிலேயே ஆளுக்கு 50 டாலர் வாங்கியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சவக்கடல் கரைக்கு வந்தபோது பொழுது சாய்கிற நேரம். இருபது நிமிடம் தந்தார்கள். இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். அந்தத் தண்ணீர் நம் கடலைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு. குப்புற நீந்தக் கூடாது, மல்லாந்து மிதக்க மட்டும்தான் வேண்டும். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். முந்தைய நாள் ஷேவ் செய்திருந்தாலோ காயம் இருந்தாலோ எரிச்சல் தாங்காது. உப்புப் பாறை காலைக் கிழிக்கும், செருப்போடுதான் இறங்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் குழுப் பையன் ஒருவன் குப்புற நீந்திக் கண்ணைத் திறக்க முடியாமல் அலறினான். அவனுக்குத் தண்ணீர் ஊற்றியது எங்கள் பாட்டில். அத்தை வெறுங்காலோடு இறங்கி, பாதத்தில் கீறல் பட்டு, இரண்டாவது அடி வைக்காமலே திரும்பினார். அன்று இரவு முழுக்கக் கால் எரிகிறது என்று தூங்கவில்லை.

ஊருக்கு வந்து பயண நிறுவன அலுவலகத்தில் கேட்டால், "அங்க லோக்கல் ஏஜென்ட் பண்ணது, நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். பணம் வாங்கியது இவர்கள், ரசீது கொடுத்ததும் இவர்கள்.

நீங்கள் போவதாக இருந்தால், ஒவ்வொரு இடத்துக்கும் நுழைவு டிக்கெட் சேர்த்தியா, ரோப் கார் சேர்த்தியா, எத்தனை மணி நேரம், கடைக்கு நிறுத்துவார்களா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘காணுதல்’ என்பதை ‘உள்ளே சென்று பார்த்தல்’ என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு இன்று கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நான் அந்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் புகார்க் கடிதம் அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. போன ஞாயிறு அதே ஆட்கள் அதே படம் போட்ட நோட்டீஸை எங்கள் கோயில் வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு வந்த 34 பேரில் யாராவது இதைப் படித்தால், உங்கள் ரசீதின் நகலை எனக்குக் கொடுங்கள்.