சன் கான்யூர் ‘ப்ரூவன் ஜோடி’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவைக்கு வெளியே, வீட்டு மாடியில் பறவை வளர்த்து விற்கிற ஒருவரிடம் போன வருஷம் ஒரு ஜோடி சன் கான்யூர் கிளி வாங்கினேன். பேர் போடவில்லை, அவர் விற்கும் முறையை மட்டும் சொல்கிறேன். ‘ப்ரூவன் ஜோடி’, அதாவது ஏற்கெனவே முட்டை வைத்துக் குஞ்சு எடுத்த ஜோடி என்று சொல்லி, சாதாரண இளம் ஜோடி விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்கினார். வீட்டுக்கு வந்தது இரண்டு பெண் பறவைகள்.

சன் கான்யூரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் ஒன்று, உருவமும் ஒன்று. எக்லெக்டஸ் கிளி மாதிரி ஆண் பச்சை, பெண் சிவப்பு என்று பார்த்ததும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் அவருக்கு வசதி. கேஜுக்கு முன்னால் நிறுத்திவைத்து, “பாருங்ணா, ஒண்ணை விட்டு ஒண்ணு நகராது” என்றார். அது பொய்யில்லை. ஒரு பறவை தலையைக் குனிந்து கழுத்தைக் காட்ட, இன்னொன்று அலகு நுனியால் புது இறகின் மேலுறையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தது. தன் தலையைத் தானே கோத முடியாது, அதனால் நம்புகிற துணையிடம்தான் அதைக் காட்டும். அப்புறம் தலையை மேலும் கீழும் ஆட்டி, தீனிப்பையிலிருந்து கக்கி ஊட்டியது. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக்கூட வீடியோவில் காட்டினார். சரி, இதைவிட என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இதில் எதுவுமே ஆண்-பெண்ணுக்கு அத்தாட்சி இல்லை. கூண்டில் சேர்ந்து வளரும் இரண்டு பெண் கிளிகள் கோதிவிடும், ஊட்டும், ஏறும், பெட்டிக்குள் சேர்ந்து படுக்கும். முட்டையும் வைக்கும். கோழி மாதிரி, சேவல் இல்லாமலும் முட்டை வரும், குஞ்சுதான் வராது. இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்து ஆண், பெண் சொல்கிறவர்களும் உண்டு. அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

நெஸ்ட் பாக்ஸ் வைத்த கொஞ்ச காலத்தில் முட்டை வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் எட்டு. சன் கான்யூர் வழக்கமாக வைப்பது மூன்று, நான்கு, எப்போதாவது ஐந்து. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒவ்வொன்றாக வரும். இங்கே ஒரே நாளில் இரண்டு முட்டை வந்த நாளும் இருந்தது. ஒரு பறவையால் அது முடியாது. பகலிலும் இரண்டுமே பெட்டிக்குள், ஆளுக்குக் கொஞ்சம் முட்டையை வயிற்றுக்கடியில் இழுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கரு இருந்தால் அதற்குள் சிவப்பு நரம்பு சிலந்தி வலை போலத் தெரிய வேண்டும். எல்லாமே வெறும் மஞ்சள்.

போன் பண்ணினால் “வெயிலுங்ணா, அடுத்த கிளட்ச்ல பொரிச்சுரும்” என்றார், அதாவது அடுத்த தடவை வைக்கும் முட்டைகளில். அடுத்து பெட்டி சின்னது என்றார். அதற்கடுத்து நான் அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் காரணமாம்! கடைசியில் நானே இரண்டின் மார்பிலிருந்தும் இறகு பிடுங்கி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினேன். கீழே உதிர்ந்த இறகு வேண்டாம், வேரோடு புதிதாகப் பிடுங்கியதாக இருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. இரண்டும் பெண் என்று வந்தது.

அப்படியானால் விற்கும்போது அவர் கொடுத்த டிஎன்ஏ சர்டிபிகேட்? அதுவும் அசல்தான், பறவைதான் வேறு. அதைக் கொடுத்த லேபில் விசாரித்தபோது அவர்கள் சொன்னது நியாயமாகவே இருந்தது: வருகிற இறகைச் சோதிக்கிறோம், அது எந்த ரிங் எண்ணுள்ள பறவையுடையது என்பது அனுப்புகிறவர் எழுதுவது. என் பறவையின் காலில் அதே எண்ணுள்ள ரிங் இருந்தது. ஆனால் அது ஓப்பன் ரிங், பக்கவாட்டில் வெட்டு தெரிகிறது. குஞ்சுக்கு இரண்டு வாரம் ஆவதற்குள் பாதம் வழியாக நுழைத்துப் போடும் மூடிய ரிங்கைப் பெரிய பறவைக்கு மாட்ட முடியாது. ஓப்பன் ரிங்கை எந்த வயதில், எந்தப் பறவைக்கு வேண்டுமானாலும் இடுக்கியால் அழுத்தி மாட்டிவிடலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒரு பெண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு ஆணை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பெருந்தன்மை போலத் தெரியும். ஒட்டிப் பழகிய இரண்டைப் பிரித்தால் நாள் முழுக்கக் கத்தும், சில பறவைகள் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். புதிதாக உள்ளே விட்ட ஆணைக் கடித்துக் குதறுவதும் நடக்கும். வேண்டாம் என்றுவிட்டேன்.

பொரியாத முட்டை என்பதற்காக உடனே எடுத்தால் திரும்ப வைக்கும். கால்சியம் போய்விடும், முட்டை அடைத்துக்கொண்டு உயிரே போகலாம். அதனால் அவையே சலித்து விடும்வரை முட்டையை விட்டுவைத்து, பிறகு பெட்டியை எடுத்தேன். கால்சியத்துக்காகக் கடல் நுரை (கணவாய் மீன் ஓடு) எப்போதும் கூண்டில் தொங்குகிறது. பறவைகள் நன்றாக இருக்கின்றன.

வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்னால், உங்கள் கண் முன்னே இறகைப் பிடுங்கி நீங்களே லேபுக்கு அனுப்புவதாகச் சொல்லுங்கள், முடிவு வந்ததும் மீதிப் பணம். நேர்மையான ஆள் மறுக்க மாட்டார். எனக்கு விற்றவர் பரிவேஷ் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளம்) பதிவும் தேவையில்லை என்றார், அதுவும் தப்பு. 2024 விதிகளின்படி சன் கான்யூர் கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் தளத்தில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காக்கட்டீல், பட்ஜி போன்ற சின்னக் கிளிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

என்னிடம் பில் கிடையாது. ஜிபே ரசீதும், “ப்ரூவன் ஜோடி, டிஎன்ஏ உண்டு” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். குஞ்சு விற்கும் தொழிலுக்காக வாங்கியவர்களை நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம், சொந்தப் பிழைப்புக்கான சிறு தொழில் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு. அவரிடமே வாங்கி இதேபோல முட்டை பொரியாமல் இருப்பவர்கள் இருந்தால், சர்டிபிகேட்டையும் ரிங் போட்டோவையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேர்ந்தே மனு போடலாம்.