திரைக் கசிவைத் தடுக்க: காசு எங்கே போக வேண்டும்

மானிட்டரிலிருந்து வெளியேறும் மின்காந்தக் கசிவை எட்ட இருந்தே பிடித்து, திரையில் இருப்பதைத் திரும்ப வரையலாம் என்று 1985-இல் நெதர்லாந்தின் விம் வான் எக் காட்டினார். அது பிக்சர் டியூப் காலம். எல்சிடி வந்ததும் தொல்லை விட்டது என்று பலர் நினைத்தார்கள். தட்டைத் திரையும் கசிகிறது என்று 2004-இல் கேம்பிரிட்ஜின் மார்க்குஸ் கூன் காட்டினார். இப்போது பெரும்பாலும் ஆன்டெனாவாக வேலை செய்வது வீடியோ கேபிள்தான். காசும் முதலில் அங்கேதான் போக வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்காமலிருக்க ஒட்டும் பிரைவசி ஃபில்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எதையும் வாங்குமுன் உங்கள் திரையை நீங்களே அளந்து பாருங்கள். 1920×1080, 60 ஹெர்ட்ஸ் எச்டிஎம்ஐ என்றால், கண்ணுக்குத் தெரியாத ஓரங்களையும் சேர்த்து 2200×1125. பிக்சல் கிளாக், அதாவது பிக்சல்கள் அனுப்பப்படும் வேகம், 148.5 மெகாஹெர்ட்ஸ். கசிவை அதன் மடங்குகளில் தேட வேண்டும்: 297, 445.5, 742.5. கசிவிலிருந்து படத்தைத் திரும்ப வரையும் டெம்பெஸ்ட்எஸ்டிஆர் மென்பொருளில் அந்த 2200, 1125 எண்களைக் கொடுத்தால்தான் படம் ஓடாமல் நிற்கும்.

கணினியில் செருகும் மலிவான ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள்தான் எடுக்கும். திரையில் நொடிக்கு 67,500 வரிகள் ஓடுவதால் ஒரு வரிக்கு 35 மாதிரிதான் தேறும். ஜன்னல்களின் உருவம் தெரியும், எழுத்து தெரியாது. அதை வைத்துப் ‘பாதுகாப்பாக இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஹேக்ஆர்எஃப் போன்ற, நொடிக்கு 2 கோடி மாதிரிகள் எடுக்கும் ரேடியோ கருவியில் அதே வரிக்கு 296 மாதிரிகள் கிடைக்கும். தடுப்பு போடுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க டாங்கிளே போதும். சிக்னலைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கசிவு குறைந்த அளவுக்குக் கெயின் ஏறிக்கொள்ளும், போட்ட ஃபெர்ரைட் (கசிவை அடக்கக் கேபிளைச் சுற்றி மாட்டும் காந்தப்பொருள்) வேலையே செய்யாததுபோலத் தோன்றும்.

ஃபெர்ரைட் கிளிப்பில் ரகம் முக்கியம். 43 ரகம் சுமார் 300 மெகாஹெர்ட்ஸ் வரைக்கு உரியது; அதற்கு மேல் 61 ரகம். கேபிளின் இரு முனையிலும், கனெக்டரை ஒட்டி, ஒவ்வொன்று. பவர் கார்டு, யுஎஸ்பி, ஆடியோ கேபிள்களை விட்டுவிட்டால் கசிவு அந்த வழியாகப் போகும். நாள்பட்டால் கெடுவது பிளாஸ்டிக் கொக்கிதான். இரு பாதிகளுக்கும் நடுவே முடியளவு இடைவெளி விழுந்தாலும் தடுப்பு வெகுவாகக் குறையும், வெளியில் பார்த்தால் தெரியாது. ஆகவே மேலே ஒரு நைலான் டையைப் போட்டு இறுக்கிவிடுவது நல்லது.

கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. 1 மீட்டர் போதுமான இடத்தில் 3 மீட்டர் வேண்டாம். கேபிளுக்குள் கம்பிகளைச் சுற்றியிருக்கும், ஃபாயிலும் பின்னலும் சேர்ந்த உலோக உறை (ஷீல்டு), கனெக்டரின் உலோகக் கூட்டைச் சுற்றிலும் பிடித்திருக்க வேண்டும். மலிவுக் கேபிள்களில் அதை ஒற்றைக் கம்பியாக முறுக்கி ஒரே இடத்தில் பற்றவைத்திருப்பார்கள். உயர் அதிர்வெண்ணில் அந்தக் கம்பியே கசியும்.

கசிவு வெளியேறாமலிருக்கச் செம்பு டேப் ஒட்டிப் பெட்டி கட்டுபவர்கள் சறுக்குவது இணைப்புகளில். சாதாரணப் பசை மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தும் பசையிலும் காலப்போக்கில் தொடுதடை ஏறும். ஓரங்களைச் சால்டர் வைத்து மூடினால்தான் நிற்கும். 742.5 மெகாஹெர்ட்ஸுக்கு 20 சென்டிமீட்டர் நீள இடுக்கு அரை அலைநீளம். அதுவே நல்ல ஆன்டெனா. இடுக்கை 2 சென்டிமீட்டருக்குள் வைக்கப் பாருங்கள்.

கசிவைக் குறைக்க எழுத்துகளின் ஓரத்தை மழுங்கடிக்கும் சிறப்பு எழுத்துருக்கள் 1998-இல் பிக்சர் டியூபுக்காக வந்தவை. எச்டிஎம்ஐயில் ஒவ்வொரு நிறமும் 10 பிட் குறியீடாக மாறிப் போவதால் அவற்றை நம்ப வேண்டாம்.

செலவில்லாத ஒரு வழி, எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு வீடியோ இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறுவது. அதில் தரவைக் கலைத்து அனுப்புவார்கள்; அது மறையாக்கம் அல்ல, ஆனால் சாதாரணக் கருவிக்குப் படம் எளிதில் கிடைக்காது. 4கே 60 ஹெர்ட்ஸ் எச்டிஎம்ஐயிலும் அந்தக் கலைப்பு உண்டு. டாக் (லேப்டாப்பை மானிட்டர் முதலியவற்றோடு இணைக்கும் பெட்டி) வழியாக இணைத்தால் பல நேரம் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், அப்போது கலைப்பு கட்டாயமில்லை. டிஸ்ப்ளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள்.