பெரிய இங்க்ஜெட்டுக்குக் கலர் ப்ரொஃபைல்: இலவசம், தபால், சொந்தக் கருவி

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் 24 அங்குல, 44 அங்குல இங்க்ஜெட்டில் கல்யாண ஆல்பமும் கேன்வாஸும் அடிப்பவர்களுக்கு மூன்று வழி உண்டு. பேப்பர் கம்பெனி இலவசமாகத் தரும் ஐசிசி ப்ரொஃபைலைப் (அந்தப் பிரிண்டர், மை, பேப்பரில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பு) போடலாம்; நிறக் கட்டங்கள் கொண்ட சார்ட் அடித்துத் தபாலில் அனுப்பி, ப்ரொஃபைல் செய்து வாங்கலாம்; நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவி வாங்கி நாமே அளக்கலாம்.

பிரிண்டர் கம்பெனியின் மையையே போடுபவர், தன் மாடலுக்கும் அதே பேப்பருக்கும் இலவச ப்ரொஃபைல் கிடைத்தால் காசு செலவழிக்க வேண்டாம். அதனுடன் சொல்லியிருக்கும் மீடியா டைப்பைத்தான் (பேப்பர் வகை) பிரிண்டர் டிரைவரில் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு மை விழ வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். வெளி மை, அதாவது வேறு கம்பெனி மை, நிரப்பியவுடன் இந்த வழி அடைபட்டுவிடும். மை மாறியது ப்ரொஃபைலுக்குத் தெரியாது. சாம்பல் நிறம் பச்சைக்கோ சிவப்புக்கோ சாயும், மணப்பெண்ணின் முகத்தில் அது உடனே தெரியும்.

தபால் வழி, ஒன்றிரண்டு பேப்பர் மட்டும் ஓட்டுபவருக்குச் சரி. சார்ட்டை 100 சதவீத அளவில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, இடையில் வெள்ளைத்தாள் வைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்புங்கள். சுருட்டினால் அளவு கெடும். வெளி மை மாறும்போதெல்லாம் திரும்பவும் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் இதன் பலவீனம்.

மூன்று பேப்பருக்கு மேல், அதுவும் வெளி மையில் ஓடுகிற கடைக்குச் சொந்தக் கருவிதான் சரி. ஐ-ஒன் ஸ்டூடியோ மாதிரிச் சின்னக் கருவி, தன் மென்பொருளில் 50 கட்டம் அளந்து, அதை வைத்து அடுத்த 50 கட்டத்தை உருவாக்கும். நிழல் பகுதிக்கு இது போதாது. அதே கருவியை இலவச ஆர்கில் மென்பொருளில் ஓட்டினால் பல நூறு கட்டம் அளக்கலாம், பொறுமைதான் வேண்டும். ஐ-ஒன் ப்ரோ விலை அதிகம், ஆனால் சின்னக் கட்டங்களை வேகமாகப் படிக்கும்.

பெரும்பாலும் கெடுவது அளவெடுப்பதற்கு முன்பே. முதலில் நாசில் (மை வரும் துளை) செக், ஹெட் அலைன்மென்ட். ஒரு நாசில் அடைத்திருந்தாலும் அந்தக் கோளாறு ப்ரொஃபைலுக்குள் போய்விடும். அடுத்து, சார்ட்டைக் கலர் மேனேஜ்மென்ட் முழுதும் அணைத்த நிலையில் அடிக்க வேண்டும். 2010-இல் வந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்5-இலிருந்து அப்படி அணைக்கும் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. அடோபியின் கலர் பிரிண்டர் யுட்டிலிட்டியிலோ கருவியின் சொந்த மென்பொருளிலோ அடியுங்கள். அளக்கும்போது சார்ட்டுக்கு அடியில் அதே பேப்பரின் வெற்றுத்தாள்கள் சில இருக்கட்டும், மேசை நிறம் கலக்காது. நீல வெண்மை ஏற்றிய பேப்பரில் புற ஊதாவைச் சேர்த்தளக்கும் எம்1 முறையும் தவிர்த்தளக்கும் எம்2 முறையும் வெவ்வேறு எண் தரும். எம்1 வைத்துச் செய்த ப்ரொஃபைலில் நடுச்சாம்பல் மஞ்சளாகத் தெரிந்தால் எம்2-க்கு மாற்றிப் பாருங்கள்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் பேப்பர் அலை அலையாக எழும், மை காயவும் நேரமாகும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பிரிண்டர் அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்கட்டும். வேலை முடிந்ததும் ரோலை அதன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடுங்கள். மழைநாளில் ஏசியை அணைத்து வைத்து அடித்த சார்ட், கோடையில் பொருந்தாது.

ஃப்ளெக்ஸ், வினைல் ஓட்டுபவர்களின் வேலை ரிப்பில் (படத்தைப் பிரிண்டருக்கான மைப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) தொடங்குகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் மை வரம்பு, பிறகு லீனியரைசேஷன் (ஒவ்வொரு நிறமும் வெளிறலிலிருந்து அடர்த்தி வரை சீராகக் கூடும்படி சரிசெய்வது), மொத்த மை வரம்பு, கடைசியாகத்தான் ப்ரொஃபைல். வரம்பு கூடினால் மை காயாமல் ரோலிலேயே ஒட்டிக்கொள்ளும். திருவிழா நேரத்தில் நிறம் நகர்ந்துவிட்டால் முதலில் லீனியரைசேஷனை மட்டும் மறுபடி செய்யுங்கள். மையும் மீடியாவும் மாறாதவரை, பெரும்பாலும் அதுவே பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். ஸ்பெக்ட்ரோ கையில் இருந்தால் கொஞ்ச நேர வேலை.