கார் கதவு திறக்காமல் போனால்: டெல்டாவில் பல வருட ஓட்டத்தின் அனுபவம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருந்துகொண்டு பத்து வருடத்துக்கு மேலாக ஒரே டீசல் ஹேட்ச்பேக்கை ஓட்டுகிறேன். இன்ஜினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் கதவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வண்டியில் எனக்கு அதிகம் வேலை வைத்தது அதுதான், வேதாரண்யத்திலிருந்து மன்னார்குடி வரை கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் பேசினாலும் இதே புலம்பல்தான். ராத்திரி நன்றாக இருந்த கதவு காலையில் கைப்பிடியை இழுத்தால் அசையாது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "லாக் போச்சு சார், செட்டா மாத்திடுங்க" என்பார்கள். என் வண்டியில் மாற்ற வேண்டி வந்தது ஒரே ஒரு கதவுக்குத்தான், மற்றதெல்லாம் சுத்தம் செய்ததிலேயே சரியாகிவிட்டது. அதனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

கதவு எந்தப் பக்கமிருந்து திறக்கவில்லை என்று முதலில் கவனியுங்கள். பின் கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து திறக்கவில்லை என்றால் அநேகமாக சைல்டு லாக், அதாவது குழந்தைகள் உள்ளேயிருந்து திறக்காமல் தடுக்கும் பூட்டு, விழுந்திருக்கும். கதவைத் திறந்தால் ஓரத்தில், கேட்சுக்கு, அதாவது கதவைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், வண்டியைத் துடைக்கும்போது துணி பட்டுக்கூட இடம் மாறிவிடும். உள்ளேயிருந்து திறக்கிறது, வெளியிலிருந்து திறக்கவில்லை என்றால் வெளிக் கைப்பிடியையோ அதிலிருந்து கேட்சுக்குப் போகும் ராடையோ பார்க்க வேண்டும். கைப்பிடி எதிலும் மாட்டாமல் தொளதொளவென்று வந்தால் ராடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும், கனமாக வந்து நின்றுவிட்டால் கேட்ச் இறுகியிருக்கிறது. இதைக் கையே சொல்லிவிடும். எந்தக் கதவும் திறக்கவில்லை என்றால் அது கதவுப் பிரச்சினையே இல்லை, ரிமோட்டில் இருக்கும் சின்ன பேட்டரியோ வண்டியின் பெரிய பேட்டரியோ இறங்கியிருக்கும். பெரிய பேட்டரி நன்றாக இருந்தால் இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவு காட்டும், 12க்குக் கீழே போனால் சென்ட்ரல் லாக் மோட்டாருக்குத் தெம்பு இருக்காது. சாவியைப் போட்டுத் திறந்துகொள்ளலாம், ஆனால் இப்போதைய வண்டிகள் பலவற்றில் டிரைவர் கதவில் மட்டும்தான் சாவித் துவாரம் இருக்கிறது, அதையும் வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் அதுவும் துருப்பிடித்துச் சுற்றாது. மாதம் ஒரு தரம் ரிமோட்டை விட்டுவிட்டு சாவியால் திறந்து பூட்டுங்கள்.

உள்ளேயும் வெளியேயும் இரண்டு பக்கமும் திறக்காமல் போவதுதான் பெரிய தலைவலி, நம் ஊரில் அதற்குத் தனிக் காரணங்கள் இருக்கின்றன.

கேட்ச் என்பது சின்ன விஷயம்தான். வண்டியின் உடம்பில் இருக்கும் இரும்பு வளையத்தை கதவுக்குள் இருக்கும் ஒரு கவை கவ்விக்கொள்ளும், அந்தக் கவை திரும்பாமல் ஒரு நாக்கு தடுத்துப் பிடிக்கும், கைப்பிடியை இழுத்தால் நாக்கு விலகும், ஸ்பிரிங் கவையைத் திருப்பிவிடும், கதவு திறக்கும். இந்த நாக்கு விலகவில்லை என்றால் எவ்வளவு இழுத்தாலும் பயன் இல்லை. இங்கே தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது மெஷின் கிளப்பும் தூசியும், ரோட்டிலேயே காயப்போட்ட நெல்லின் சுணையும், கொள்முதல் நிலையத்துப் பக்கம் பறக்கும் பதரும் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் போகிறது. பழைய கிரீஸோடு அது சேர்ந்து வெல்லப்பாகு மாதிரி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. கதவுக்குள் தண்ணீர் போவது எல்லா வண்டியிலும் நடப்பதுதான், கண்ணாடி ரப்பரைத் தாண்டி உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் நம் களிமண்ணும் பதரும் அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், கேட்சும் லாக் மோட்டாரும் அந்த ஈரத்திலேயே கிடக்கும். கடலோரம் போய்வரும் வண்டி என்றால் உப்புக்காற்று வேறு, ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மரம் விழாத வீடு இல்லை. வண்டி கிளைகளுக்கு அடியில் பல நாள் நனைந்து நின்றது. அதற்கடுத்த வருடம் பின் இடது கதவு அடம்பிடிக்க ஆரம்பித்தது. அம்மா உட்காருவது அந்தப் பக்கம்தான். முட்டிவலியோடு சீட்டில் நகர்ந்து நகர்ந்து மறுபக்கம் ரோட்டுப் பக்கமாக இறங்க வேண்டியிருந்தது, பஸ் வேகமாகப் போகிற இடத்தில் அதைப் பார்க்கவே மனசு பதறியது.

மன்னார்குடியில் ஒரு வயதான மெக்கானிக்தான் வழி சொன்னார். நான் வெளியிலிருந்து பலம்கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருந்தேன். "இழுக்காதீங்க தம்பி, கதவை உள்ள தள்ளுங்க" என்றார். "தள்ளினா எப்படிண்ணே திறக்கும்?" என்று கேட்டேன். "கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் கதவை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு, அந்த இறுக்கத்துலதான் நாக்கு மாட்டிக்குது. தள்ளினா இறுக்கம் விடும்." உள்ளே ஒருவர் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வெளியே ஒருவர் கேட்ச் இருக்கும் இடத்தில் உள்ளங்கையால் அழுத்தித் தட்ட, இன்னொருவர் ரிமோட்டில் லாக், அன்லாக் மாற்றி மாற்றி அழுத்த, கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டது. இன்றுவரை யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

திறந்ததும் சந்தோஷத்தில் கதவைச் சாத்திவிடாதீர்கள், மறுபடி மாட்டிக்கொள்ளும். கேட்சுக்குள் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேயைக் குழாய் வைத்து நன்றாக அடியுங்கள். ஸ்குரூடிரைவரால் கவையை மூடும் பக்கம் தள்ளினால் இரண்டு 'டக்' கேட்கும், பிறகு கைப்பிடியை இழுத்து விடுங்கள், கறுப்பாக வழிவதைத் துடையுங்கள், அழுக்கு நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முடித்ததும் கவை திறந்த நிலையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், மூடிய கவையோடு கதவைச் சாத்தினால் வளையத்தில் மோதி கேட்ச் வீணாகிவிடும். அந்த ஸ்பிரே அழுக்கையும் ஈரத்தையும் வெளியேற்றத்தான், பல மாதம் நிற்கும் மசகு அது இல்லை. காய்ந்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் வைக்க வேண்டும். சாவித் துவாரத்துக்கு மட்டும் கிராஃபைட் தூள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் நம் பக்கம் ரொம்ப அதிகம், தயவுசெய்து வேண்டாம். 24 டிகிரி வாக்கில் அது உறையத் தொடங்கும், மார்கழி விடியலில் அதுவே கதவைப் பிடிக்கும், பகலில் தூசியை இழுத்துச் சேர்க்கும்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் காதைக் கொடுங்கள். ரிமோட்டை அழுத்தும்போது மற்ற கதவுகளில் கேட்கும் சத்தம் இந்தக் கதவில் மெலிதாகக் கேட்டால் உள்ளே மோட்டாரோ பிளாஸ்டிக் பல்சக்கரமோ தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லை, அந்தக் கதவின் பவர் விண்டோவும் சில சமயம் வேலை செய்யாது என்றால் கதவுக்கும் வண்டி உடம்பின் தூணுக்கும் நடுவில் ரப்பர் உறைக்குள் போகும் வயரைப் பாருங்கள், மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். எனக்கு அந்தப் பின் கதவில் கடைசியில் மோட்டார்தான் போனது. பழைய சாமான் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்றார்கள், நான் புதிதே போட்டேன். நனைந்த வண்டியிலிருந்து கழற்றியதா என்று தெரியாத மோட்டாரை, அம்மா இறங்கும் கதவில் போட எனக்கு மனசு வரவில்லை. டோர் பேடை, அதாவது கதவின் உட்பக்க மூடியைக் கழற்றினால் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் மழைத்தண்ணீர் காலடிக்கு வரும். சாத்தியிருக்கும் கதவில் பேடைக் கழற்றுவது கஷ்டமான வேலை, கைப்பழக்கம் உள்ளவரிடமே விடுங்கள்.

சரியாகும்வரை அந்தக் கதவுப் பக்கம் குழந்தையையோ வயதானவர்களையோ உட்கார வைக்காதீர்கள். நம் ரோடுகள் பாதிக்கு மேல் வாய்க்கால் ஓரமாகவே போகின்றன. வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டால் வெளி அழுத்தத்தில் நல்ல கதவே திறக்காது, உடனே கண்ணாடியை இறக்கி வெளியேறத்தான் வேண்டும்.

இப்போது புரட்டாசியிலேயே ஈர்க்குச்சியால் கதவடி ஓட்டைகளைக் குத்திவிடுகிறேன். சம்பா அறுவடை முடிந்ததும் எல்லாக் கேட்சையும் கழுவி கிரீஸ் வைக்கிறேன், பீடிங்குக்கு சிலிக்கான் தடவுகிறேன். யாரும் உட்காராத பக்கக் கதவையும் வாரம் ஒரு தரம் திறந்து சாத்துகிறேன். மோட்டார் மாற்றியபிறகு எந்தக் கதவும் திறக்காமல் மாட்டிக்கொண்டதில்லை.

நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் ஓடிய பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு கதவையும் உள்ளேயும் வெளியேயும் திறந்து பாருங்கள். லேசாக ஆட்டி உள்ளே தண்ணீர் சலசலக்கிறதா என்று கேளுங்கள், கதவின் அடி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். துரு உதிர்ந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது வேறு வண்டி பார்க்கலாம்.