மாத்திரை ஸ்டீராய்டுகள்: கல்லீரலுக்கு எது எவ்வளவு கெடுதல்?

"மாத்திரைன்னா கல்லீரல் போச்சு, ஊசின்னா பயமில்லை" என்று தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளைப் பற்றி ஜிம்களில் ஒரு கணக்கு ஓடுகிறது. பாதிதான் சரி. பார்க்க வேண்டியது மூலக்கூறின் 17-ஆம் கார்பனை. வெறும் டெஸ்டோஸ்டிரோனை (ஆண் ஹார்மோன்) விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், முதல் சுற்றிலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். அதைத் தடுக்க 17-ஆம் இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒட்டினார்கள். மருந்து தப்பித்தது, கல்லீரல் மாட்டிக்கொண்டது: பித்தநீரை வெளியே தள்ளும் வேலை மந்தமாகிறது.

இந்த வகையில் முரடானவற்றில் ஒன்று ஆக்ஸிமெத்தலோன். இரத்தசோகைக்கு அதன் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 5 மி.கி.; அதாவது 70 கிலோ ஆளுக்குத் தினமும் 70 மி.கி.யாவது கல்லீரலைக் கடக்கும். ஆக்ஸாண்ட்ரோலோனின் மருத்துவ அளவோ 2.5 முதல் 20 மி.கி.தான். அதில் ஒரு பங்கு மாறாமலே சிறுநீரில் போய்விடுவதால் சுமை குறைவு. "சாது" என்று பெயர் வாங்கியது அப்படித்தான். ஆனால் கல்லீரல் கட்டி எச்சரிக்கை அதற்கும் உண்டு. அமெரிக்காவில் 2023-இல் அதன் அனுமதியே ரத்தானது. ஸ்டானோசோலால் ஊசியாகவும் வரும். உள்ளே இருப்பது அதே மெத்தில் மூலக்கூறு. ஊசிக் கணக்கு பொய்க்கும் இடம் இது.

மெஸ்டரோலோன், மெத்தனோலோன் அசிடேட் இரண்டிலும் மெத்தில் 1-ஆம் இடத்தில். கல்லீரலுக்கு இதம், தசைக்கும் பலன் சொற்பம். டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோயேட் வேறு வழி: கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால் நிணநீர் வழியாக ஏறி, முதல் சுற்றில் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும். அதற்குக் கொடுக்கும் விலை: இரத்த அழுத்தம் ஏறலாம்.

பரிசோதனையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முந்தின நாள் கனமாக ஸ்குவாட் போட்டிருந்தால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் தசையிலிருந்தே ஏறும். அப்போது சி.கே.யும் (தசை நொதி) எகிறி, ஜி.ஜி.டி. (கல்லீரல், பித்தநாள நொதி) இயல்பாக இருந்தால் சந்தேகம் தசை மேல். தலைகீழ் நிலைமைதான் ஆபத்து: பித்தநீர் தேங்கும்போது பிலிருபின் (பித்தநீரின் மஞ்சள் நிறமி) உச்சிக்குப் போகும், எஸ்.ஜி.பி.டி. லேசாகத்தான் அசையும். பெரும்பாலும் மருந்தைத் தொடங்கி 1 முதல் 4 மாதத்துக்குள் இது வரும். அறிகுறிகள்: உடம்பு அரிப்பு, தேநீர் நிறச் சிறுநீர், வெளிறிய மலம், மஞ்சள் கண். மருந்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிறுத்தினாலும் தெளிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

நீண்ட நாள் பயன்பாட்டில் கல்லீரலுக்குள் இரத்தம் நிறைந்த குழிகள் உருவாகலாம். இரத்தப் பரிசோதனை அவற்றைக் காட்டாமலே போகலாம், ஸ்கேனில்தான் பிடிபடும். வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தப்போக்கு.